யோனா அனிமே முடிச்சாச்சு. மங்காவை எங்க பிடிக்கணும்? (சூ-வோனை வெறுக்க முடியலங்கிற பிரச்சினையும் இருக்கு)

தூங்காத_டிராகன்:

வணக்கம். இளவரசி யோனாவோட கதையான 'அகாட்சுகி நோ யோனா' அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) 24 எபிசோடையும் மூணே ராத்திரியில முடிச்சுட்டு, கண்ணு ரெண்டும் கோவைப்பழமாச் சிவந்த நிலையில எழுதுறேன். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

டிராகன் சக்தி உள்ள நாலு பேரும் யோனாவோட ஒண்ணு சேர்ந்தாச்சு. கடைசியா வந்த ஜெனோ பசிக்குதுன்னு சொல்லிக்கிட்டே கூட்டத்துல ஒட்டிக்கிட்டான். இனிமேதான் கதை சூடு பிடிக்கும்னு தலகாணியைச் சரிபண்ணி நிமிர்ந்து உக்காந்தா, முடிஞ்சுபோச்சு! 2014 அக்டோபர்ல தொடங்கி 2015 மார்ச்சோட நின்ன தொடர்னு அப்புறம்தான் பாத்தேன். பத்து வருஷம் முன்னாடி பாத்தவங்க எல்லாம் எப்படித் தாங்குனீங்க?

மூணு சந்தேகம் இருக்கு.

மங்காவை, அதாவது மூலச் சித்திரக்கதையை, எந்த அத்தியாயத்துலேருந்து படிக்கணும்? மொத்தம் 40 தொகுதிக்கு மேலன்னு பாத்ததும் தலை சுத்துது. அனிமேல வந்ததைத் தாண்டிப் போனா கொஞ்சம் மிச்சமாகும்.

ரெண்டாவது கொஞ்சம் வெக்கமான சந்தேகம். சூ-வோனை என்னால வெறுக்க முடியல. யோனா ஆசை வெச்சிருந்தவன், அவளோட பதினாறாவது பிறந்தநாள் அன்னிக்கு அவ கண்ணு முன்னாலயே ராஜாவான அவளோட அப்பாவைக் குத்திக் கொன்னவன். தெரியுது. ஆனா ஆவா ஊர்ல யோனாவை எதிர்ல பாத்ததும், தன்னோட ஆளுங்க கண்ணுல படாம அவளைத் தன் அங்கிக்குள்ள மறைச்சுக்கிட்டு நிக்கிறானே, அங்க எனக்கு மூச்சே நின்னுடுச்சு. எனக்குத்தான் ஏதாவது கோளாறா?

மூணாவது: யோனாவோட காவல்காரன் ஹக் எப்பவாவது தன் காதலை வாயைத் திறந்து சொல்வானா? எப்ப, எங்கன்னு சொல்லிடாதீங்க. ஆமாவா இல்லையா, அது போதும்.

பூக்யூ:

48ஆம் அத்தியாயம். அனிமே எட்டாவது தொகுதி வரைக்கும் வந்துருக்கு.

மூணாவதுக்கு: ஆமா.

ரெண்டாவதுக்கு அலமாரி அண்ணன் வருவார், பொறுங்க. வந்தா லேசுல போக மாட்டார். தண்ணி பக்கத்துல வெச்சுக்கோங்க.

அலமாரிக்காரன்:

பூக்யூ தம்பி, கூப்பிட்ட குரலுக்கு வந்துட்டேன்.

தூங்காத டிராகன், 48 வேணாம்மா. ஒண்ணுலேருந்து படிங்க. காரணம் சொல்றதுக்கு முன்னாடி நான் யாருன்னு சொல்லிடுறேன், இல்லன்னா நான் பேசுறது வெறும் வீம்பாத் தெரியும்.

எனக்கு வயசு 41. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஏழு வருஷம் முன்னாடி கணுக்கால் முறிஞ்சு ஆறு வாரம் கட்டிலோட கெடந்தேன். அக்கா பொண்ணு பாக்க வந்தவ, "மாமா, போரடிச்சா படிங்க"ன்னு யோனா முதல் மூணு தொகுதியை வெச்சுட்டுப் போனா. அட்டையில செம்பட்டை முடியோட ஒரு பொண்ணு. ஷோஜோ மங்கா, அதாவது பொம்பளப் புள்ளைங்க படிக்கிற சமாச்சாரம்னு ரெண்டு நாள் தொடவே இல்ல. மூணாம் நாள் மத்தியானம் கையில எடுத்தேன். அன்னிக்கு ராத்திரியே அவளுக்கு போன் போட்டு "நாலாவது எங்க?"ன்னு கேட்டேன். அவ சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. இப்ப அவளுக்கே என் அலமாரியிலேருந்துதான் இரவல் போகுது.

சரி, ஏன் ஒண்ணுலேருந்து?

முதல் அத்தியாயத்துல ஒரு நகைச்சுவை வரும், அனிமேலயும் இருக்கு. தன் சிவப்புச் சுருட்டை முடி கேவலமா இருக்கான்னு யோனா புலம்புவா. அவளோட அப்பா, 'இல்'ங்கிற ராஜா, ஹக்கைத் துணைக்குக் கூப்பிடுவார். அவன் சொல்ற பதிலோட சாரம் இதுதான்: முடியில ஒரு கோளாறும் இல்ல, இருந்தா மூளையிலதான். சிரிச்சுட்டுப் போயிருப்பீங்க. அடுத்தது, சூ-வோன் தன்னைச் சின்னப் புள்ளையாவே நடத்துறானேங்கிற ஆத்திரத்துல, "எனக்கு நிச்சயம் பண்ணியாச்சு, மாப்பிள்ளை ஹக்"குன்னு பொய் சொல்லுவா. அந்த மடையனும் அதை நம்பி வாழ்த்து சொல்லுவான். அதுவும் சிரிப்புதான். 24 எபிசோடு பாத்துட்டு, அந்தக் காவல்காரன் மனசுல என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுத் திரும்ப அந்தப் பக்கங்களுக்குப் போங்க. சிரிப்பு வராது. ஹக்கோட ஒவ்வொரு நக்கலும் ஒரு கதவைச் சாத்துற சத்தமாக் கேக்கும்.

இதை அனிமேல திரும்பப் பாத்தா கிடைக்காதான்னா, முழுசாக் கிடைக்காது. அனிமேல நம்ம கண்ணு எங்க போகணும்னு கேமரா முடிவு பண்ணிடும். மங்காவுல பக்கம் அப்படியே கெடக்கும், அவசரம் நம்மளோடது. பெரிய கட்டத்துல யோனா யாரையோ பாத்துக்கிட்டு இருப்பா. ஓரத்துல, கட்டைவிரல் அகலக் கட்டத்துல ஹக் இருப்பான். முதல் தடவை அதைத் தாண்டிடுவோம். அவளும் தாண்டிடுறா. நாம எதைக் கவனிக்கலையோ அதையேதான் அவளும் கவனிக்கல. காதல் ரொம்ப மெதுவாப் போகுதுன்னு இங்க மாசத்துக்கு ஒருத்தர் வந்து அழுவாங்க. மெதுவெல்லாம் இல்லீங்க, முதல் பக்கத்துலேருந்து ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அவளுக்கும் நமக்கும் கண்ணு திறக்கத்தான் நேரமாகுது.

கொண்டை ஊசியைப் பாருங்க. சூ-வோன் பிறந்தநாளுக்குக் குடுத்தது. அரண்மனையை விட்டு ஓடி வந்தப்புறம் அது காட்டுல தொலைஞ்சுபோகும். ராத்திரியில யாருக்கும் சொல்லாம அதைத் தேடிப் போவா. பாம்புக் கூட்டத்துல மாட்டிக்குவா. ஹக் வந்து காப்பாத்தி, தன்கிட்ட இருந்த ஊசியை எடுத்து அவ கையில குடுப்பான். நான் கட்டில்ல படுத்துக்கிட்டு இந்த இடத்துல புத்தகத்தை மூடிட்டேன். அவங்க அப்பாவைக் கொன்னவன் குடுத்த பரிசு. ஹக்குக்கும் அவன் உயிர் நண்பன்தான். அந்தப் பொண்ணு மேல ஹக்குக்கு இருக்குறது வேற. அந்த ஊசியைக் காட்டுக்குள்ள வீசி எறிஞ்சிருக்கலாம், கேக்க ஆளில்ல. ஆனா பொணம் மாதிரி நடந்துக்கிட்டிருக்கிற பொண்ணு எதையாவது தேடி எந்திரிச்சுப் போறாளே, அது போதும்னு குடுக்குறான். நான் படிச்ச காதல் கதைகள்லயே பெரிய காதல் காட்சி இதுதான். ஒரு இனிப்பான வார்த்தை கெடையாது.

முடியை வெட்டுற இடத்தைப் பத்தி எல்லாரும் பேசியாச்சு, எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும். நம்ம திரௌபதி கூந்தலை விரிச்சுப்போட்டுச் சபதம் போட்டா. அவமானத்துக்கு அந்தக் கூந்தல்தான் சாட்சி, அது அப்படியே இருக்கணும். யோனா நேர் எதிர். முடியைப் பிடிச்சு இழுக்கிறான் அக்கினிக் குலத் தலைவரோட மகன் காங் டே-ஜூன், அங்க ஹக் பாறை விளிம்புல தொங்குறான். சபதத்துக்கெல்லாம் நேரமில்ல. வாளை எடுத்தா, முடியை அவன் கையிலயே விட்டுட்டா, ஓடிட்டா. விடிகாலை வானத்து நிறம்னு சூ-வோன் ஒருநாள் பாராட்டுன முடி அது. தலைப்புல வர்ற 'அகாட்சுகி'யே விடியல்தான்.

இன்னொரு விஷயம், இது மொழி தெரிஞ்சாதான் பிடிபடும். காத்திருக்க முடியாம நான் ஜப்பானிய மொழித் தொகுதிகளையே வாங்கி, எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்சேன். இந்த மாதிரி மங்காவுல கான்ஜி எழுத்துக்குப் பக்கத்துலயே சின்னதா உச்சரிப்பு போட்டிருப்பாங்க, ஃபுரிகானான்னு பேரு. அது இல்லன்னா நான் செத்தேன். முதல் தொகுதிக்கு மூணு வாரம் ஆச்சு. மொழிபெயர்ப்புல தெரியாத ஒண்ணு அப்பதான் தெரிஞ்சுது: ஹக் அவளை 'ஹிமே-சான்'னு கூப்பிடுறான். இளவரசிக்கு முறைப்படி 'சாமா' போடணும். 'சான்' அக்கம்பக்கத்து ஆளுக்குப் போடுறது. "இளவரசியாரே"ன்னு சொல்ல வேண்டியவன் "என்ன இளவரசிம்மா"ன்னு இழுக்குற மாதிரி. மரியாதையும் இருக்கு, நக்கலும் இருக்கு, உரிமையும் இருக்கு. அவன் என்னிக்காவது ஒழுங்கா 'ஹிமே-சாமா'ன்னு சொன்னா எனக்கு வயித்துல புளியக் கரைக்கும். நம்ம வீட்டுல 'நீ, வா, போ'ன்னு பேசுறவங்க திடீர்னு 'நீங்க'ன்னா எப்படி இருக்கும், அப்படி.

இப்ப உங்க வெக்கமான சந்தேகம். கோளாறு உங்ககிட்ட இல்ல. மிசுஹோ குசானகி அவனை அப்படித்தான் வரைஞ்சிருக்காங்க. வில்லனுக்கு ஒரு சோகக் கதையைக் குடுத்து மன்னிக்க வைக்கிறது பழைய தந்திரம், அது சூ-வோனுக்கும் இருக்கு, அவன் அப்பா யூ-ஹோனை ராஜா இல்தான் கொன்னார்னு ஆரம்பத்துலயே சொல்லிடுறான். ஆனா என்னை உலுக்குனது அது இல்ல. அவன் நல்ல ராஜாவா இருக்கான். அங்கதான் வலி. பூமிக் குலத்து ஊருக்குப் போயி, விளையாட்டுப் போர் ஒண்ணு நடத்தி, ஒரு உசுரு போகாம அந்தத் தளபதி கூன்-தே மனசையும் பிடிச்சு வியாபாரத்தையும் தூக்கி நிறுத்திட்டு வந்துடுறான். அதே நேரத்துல யோனா அக்கினிக் குலத்து கிராமத்துல பட்டினியில கெடக்குற ஜனங்களைப் பாக்குறா. அது யாரோட ஆட்சியில ஆனது? சண்டையே வேணாம், ஆயுதத்தையே தொடாதேன்னு சொன்ன தன்னோட அன்பான அப்பாவோட ஆட்சியில. பாசமான அப்பா, மோசமான ராஜா. கொலைகாரன், நல்ல ராஜா. பதினாறு வயசுப் பொண்ணு இதை எங்க கொண்டுபோய் வைப்பா? அவளே வெறுத்து முடிக்கல, நீங்க எப்படி மூணு ராத்திரியில வெறுத்துடுவீங்க?

இதழ் பத்தி ஒரு வார்த்தை. இது 'ஹானா தோ யுமே'ங்கிற இதழ்ல 2009ல தொடங்குச்சு. 1974லேருந்து வர்ற இதழ், மாசம் ரெண்டு தடவை, 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும். ஒரு அத்தியாயத்தைப் படிச்சுட்டு ரெண்டு வாரம் காத்திருக்கணும். சில நேரம் அத்தியாயம் வராது, அப்ப ஒரு மாசம். நீங்க மூணு ராத்திரியில தாண்டுனதை அவங்க வருஷக்கணக்கா சுமந்துருக்காங்க. மெதுவாப் படிங்கன்னு சொல்ல எனக்கு அருகதை இல்ல, ஆனா தொகுதிக்கு நடுவுல ரெண்டு நாளாவது விடுங்க.

செங்கதிர்:

அலமாரி அண்ணா எழுதுறது படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எப்பவும் போல சூ-வோனுக்கு வக்காலத்து.

ஆவா துறைமுகத்துல ஆள்கடத்தல் பண்ண யாங் கும்-ஜியை யோனா அம்பு விட்டு சாய்ச்சப்ப நாம எல்லாரும் கைதட்டுனோம். அவனுக்கும் ஒரு சோகக் கதை குடுத்து, சூ-வோனுக்கு மாதிரி முடியைப் பொன்னிறமா வரைஞ்சு, தோள்ல ஒரு பருந்தை உக்கார வெச்சிருந்தா, இந்தத் தளத்துல அவனுக்கும் ஒரு கட்சி ஆரம்பிச்சிருப்பீங்க. முகம் அழகா இருந்தா கொலைக்குக் கூட அர்த்தம் தேடுறோம், அதை ஒத்துக்கிட்டா போதும், எனக்கு வேற சண்டை இல்ல.

திருந்துறதுன்னா என்னன்னு அதே கதையில இருக்கு. டே-ஜூன். தொடக்கத்துல அவன் எவ்வளவு அற்பம்! அவளோட முடியைப் பிடிச்சு இழுத்தவன். அவ செத்துட்டான்னு நெனச்சு அழுது அழுது ஆளே உருக்குலைஞ்சு போறான். அப்புறம் உயிரோட பாக்குறான். பாத்துட்டு என்ன பண்றான்? பட்டினி கெடக்குற தன் குலத்து ஜனங்களுக்கு நடுவுல போய் உக்காந்து வேலை பாக்குறான். நோயாளியைத் தொடவே அருவருக்குற பணக்காரப் பையன், கொஞ்சம் கொஞ்சமா மனுசனாகுறான். மன்னிப்புன்னு அவன் வாயால கேக்கல, கையால கேக்குறான். சூ-வோன் அப்படி ஒண்ணு பண்ணட்டும், நானும் அங்கி மறைவுல மூச்சு விட மறக்கிறேன்.

மெதுவாப் போகுதுங்கிறதுல அண்ணனோட நான் ஒத்துப்போக மாட்டேன். கண்ணு திறக்க நேரமாகுறது ஒரு அழகுதான், இல்லங்கல. ஆனா நெருங்கி வர்ற நேரத்துல யாராவது கத்திக்குத்து வாங்குறது, யாராவது பிடிபடுறது, யாராவது கதவைத் திறந்துட்டு உள்ள வந்து நிக்கிறது... ஒரு கட்டத்துக்கு மேல அது தந்திரமாத் தெரியுது. பிடிச்ச கதைங்கிறதுக்காகக் குறையைச் சொல்லாம இருக்க முடியுமா? நான் எல்லாத் தொகுதியும் வாங்குறவதான்.

புதுசா வந்தவங்களுக்கு: 48லேருந்தே படிங்க. பிடிச்சிருந்தா திரும்பிப் போங்க. கடன் வாங்கி முதல் எட்டைப் படிக்கலாம்.

அலமாரிக்காரன்:

செங்கதிர், டே-ஜூன் விஷயத்துல கையைத் தூக்கிட்டேன். எனக்கும் அந்தப் பகுதிதான் மொத்தக் கதையில ரொம்பப் பிடிச்சது, அதைச் சொல்லாம விட்டது என் தப்பு. அதுலதானே 'இருண்ட டிராகனும் குஷியான பசிப்பட்டாளமும்'னு இவங்க தங்களுக்குக் கொள்ளைக்கூட்டப் பேரு வெச்சுக்கிறது! அந்தப் பேரைக் கேட்டு அக்கினிக் குலத்து வீரர்கள் முகம் போற போக்கு.

கதவு திறந்துட்டு உள்ள வர்றதைப் பத்தி மட்டும்: ஆமா, தந்திரம்தான். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அடுத்த இதழை வாங்க வைக்கணும்ல. தொடர்கதை எந்த மொழியில வந்தாலும் இந்தக் கதவு இருக்கும். தொகுதியா ஒரே மூச்சுல படிக்கிறப்ப அது அடுத்தடுத்து வந்து எரிச்சலாகுது. அதனாலதான் ரெண்டு நாள் விடச் சொன்னேன், பாத்தீங்களா!

வக்காலத்துங்கிறது மட்டும் ஏத்துக்க மாட்டேன். புரிஞ்சுக்கிறது வேற, மன்னிக்கிறது வேற. ஆவாவுல அவ கை அவனோட வாள் பிடிக்குப் போச்சே, அதை நான் மறக்கல.

ஜேஹா_கட்சி:

ரெண்டு பேரும் சண்டையை முடிச்சாச்சா? நான் ஜேஹா கட்சி, நாலு டிராகன்ல ஒருத்தனோட கட்சி. ஆவா பகுதியில கப்பல்தலைவி கிகான் வெக்கிற சோதனைக்காக, மூலிகை பறிக்க கடல் மேல பாறை விளிம்புல யோனா போவாளே, அவன் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே வருவானே, அங்கயே ஓட்டுப் போட்டாச்சு. அவனுக்கு எந்தக் கடைசியிலயும் இடம் இல்லன்னு தெரியும். தோக்குற கட்சியில இருக்கிறதுலயும் ஒரு நிம்மதி உண்டு.

நான் சொல்ல வந்தது வேற. டிராகன், அனிமேவோட முதல் ஓப்பனிங்கைத் தள்ளி விட்டுட்டுப் பாத்திருந்தீங்கன்னா திரும்பப் போய்க் கேளுங்க. அதுல பாட்டு வரியே கெடையாது, முழுக்க வாத்திய இசை. ரியோ குனிஹிகோ போட்டது. ஜப்பான்ல பொறந்து வளந்த கொரிய வம்சாவளி இசைக்கலைஞர். யோனா, ஹக், சூ-வோன்னு பேரெல்லாம் ஏன் ஜப்பானியப் பேரு மாதிரி இல்லன்னு யோசிச்சிருப்பீங்க. பழைய கொரிய ராஜ்ஜியங்களோட சாயல்ல கட்டுன உலகம் இது. அந்த இசை அதுக்கு எப்படிப் பொருந்துதுன்னு பாருங்க.

அப்புறம் 2015லயும் 2016லயும் தனியா மூணு ஓவிஏ (டிவியில வராத தனி எபிசோடு) வந்துச்சு. ஜெனோவோட பழங்கதை அதுல இருக்கு. ஆனா மங்காவுல அந்த இடம் வந்தப்புறம் பாருங்க, முன்னாடி தொடாதீங்க. எப்பப் பாத்தாலும் சிரிச்சுக்கிட்டு சாப்பாடு கேக்குற ஆளு ஏன் அப்படி இருக்கான்னு தெரியுறப்ப... நான் ஒண்ணும் சொல்லல. கைக்குட்டை.

பூக்யூ:

கைக்குட்டை பத்தாது, துண்டு.

தூங்காத_டிராகன்:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீங்கன்னு நெனக்கவே இல்ல.

செங்கதிர் அக்கா சொன்னதுதான் நியாயமாப் பட்டுச்சு, 48ஐத்தான் திறந்தேன். ரெண்டு பக்கம் படிச்சேன். அப்புறம் அண்ணன் சொன்ன அந்தப் பொய் நிச்சயதார்த்தம் மண்டைக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு. சும்மா அந்த இடத்தை மட்டும் பாத்துட்டு வந்துடலாம்னு ஒண்ணாவது அத்தியாயத்துக்குப் போனேன். போனவ இன்னும் திரும்பி வரல.

அண்ணா, ஒரு சந்தேகம். நீங்க சொன்ன 'சான்' விஷயத்துக்காக அனிமேவோட முதல் எபிசோடை கண்ணை மூடிக்கிட்டு காதால மட்டும் கேட்டேன். ஹக் பேசுறப்ப எல்லாம் 'ஹிமே'ங்கிறது காதுல விழுது, பின்னாடி வர்றது சானா சாமாவான்னு சில இடத்துல பிடிபடல. ராஜா முன்னாடி இருக்கிறப்ப ஒரு மாதிரியும், தனியா இருக்கிறப்ப வேற மாதிரியும் சொல்றானோன்னு சந்தேகம். நீங்க அந்தப் பக்கங்களை எடுத்துப் பாத்துச் சொல்ல முடியுமா?

அக்கா, கும்-ஜி கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. ராத்திரி முழுக்க யோசிச்சேன். பருந்து இல்லாம இருந்தாலும் எனக்குப் பிடிச்சிருக்கும்னு நெனக்கிறேன். ஆனா முடி? தெரியல.

இப்ப முதல் தொகுதியில பாதியில இருக்கேன். கொண்டை ஊசியைக் காணோம், அவ எந்திரிச்சுப் போறா. பாம்பு வரப்போகுது. அப்புறம் வர்றேன்.

அலமாரிக்காரன்:

அலமாரியில கை வெச்சாச்சு. பாத்துட்டுச் சொல்றேன். ராஜா முன்னாடியும் அவன் அவ்வளவு ஒழுங்கா இருந்த மாதிரி ஞாபகம் இல்ல.